எஸ்சிட்டலோபிராம் மாத்திரை: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் டாக்டர்கள் இன்று பரவலாக எழுதும் மாத்திரைகளில் ஒன்று எஸ்சிட்டலோபிராம். தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் ஓ.பி. வரிசையிலும் மருந்துக்கடை வாசலிலும் இதைப் பற்றி வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். பதில்கள் விஷயம் புரிவதற்காக. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்களைப் பார்க்கும் டாக்டர் சொல்ல வேண்டியது.

இது தூக்க மாத்திரைதானே?

இல்லை. எஸ்சிட்டலோபிராம் போட்டவுடன் தூக்கம் வராது. சிலருக்கு முதல் வாரம் இருக்கிற தூக்கமும் கெடும். மனச்சோர்வு, எந்நேரமும் விடாத பதற்றம், திடீரென நெஞ்சு படபடத்து 'இதோ செத்துவிடுவேன்' என்று தோன்றும் பேனிக் அட்டாக், நாலு பேர் முன்னால் நிற்கவே நடுங்கும் பயம், கை கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவ வைக்கும் எண்ணச் சுழற்சி நோய் ஆகியவற்றுக்கு இதைத் தருகிறார்கள். மனம் சீரானதும் தூக்கம் தானாகச் சீராகும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

'தூக்க மாத்திரை' என்ற பெயர் வீட்டில் ஒட்டிக்கொண்டால் இரண்டு தவறுகள் நடக்கின்றன. தூக்கம் வரும் நாளில் போடாமல் விடுகிறார்கள். தூக்கம் வராத நாளில் இரண்டாகப் போடுகிறார்கள். இரண்டுமே கூடாது. இது தினமும் ஒரே அளவில் போட வேண்டிய மாத்திரை.

அப்ப எனக்கு மட்டும் போட்ட அரை மணியில கண்ணைச் சொருகுதே?

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே பொடி எழுத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று போட்டிருக்கும். 'எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி.' என்ற வரிக்கு அடுத்து 'குளோனாசெபாம் 0.5 மி.கி.' என்று இன்னொரு வரி இருந்தால், உங்கள் கையில் இருப்பது இரண்டு மருந்து கலந்த மாத்திரை. பெயரின் பின்னால் 'பிளஸ்' மாதிரி ஒரு ஒட்டு இருந்தால் அநேகமாக இதுதான். அரை மணியில் கண்ணைச் சொருக வைப்பது குளோனாசெபாம்.

இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. எஸ்சிட்டலோபிராம் மெதுவாக வேலை செய்யும், மாதக்கணக்கில் போட வேண்டும். குளோனாசெபாம் உடனே வேலை செய்யும், அதனால்தான் முதல் 2 முதல் 4 வாரத்துக்குத் துணையாகக் கொடுக்கிறார்கள். அதற்கு மேல் தினமும் நீண்டால் உடம்பு அதற்குப் பழகி, அது இல்லாமல் தூங்கவே முடியாத நிலை வரும். பல மாதம் போட்டுவிட்டு ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். ஒரே சீட்டைக் காட்டிக் காட்டி இரண்டு மூன்று வருடமாகக் கலப்பு மாத்திரையை வாங்கிக்கொண்டிருப்பவர்கள் இங்கே நிறையப் பேர். நீங்களும் அப்படியென்றால் நிறுத்திவிடாதீர்கள். அட்டையோடு டாக்டரிடம் போய், 'குளோனாசெபாமை மட்டும் மெல்லக் குறைக்க முடியுமா?' என்று கேளுங்கள்.

எங்க வீட்டுக்காரரை கீழ்ப்பாக்கம் போகச் சொல்லிட்டாங்க. அப்ப அவருக்குப் பைத்தியமா?

'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அதனால் எத்தனையோ பேர் வைத்தியத்துக்கு வராமலே கஷ்டப்படுகிறார்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் 1794இல் தொடங்கிய பழைய நிறுவனம். அங்கே ஓ.பி.யில் பார்த்துவிட்டு மாத்திரையோடு அன்றே வீடு திரும்புபவர்கள் ஏராளம். ஸ்டான்லி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. பிரஷருக்கும் சுகருக்கும் ஓ.பி. சீட்டு போடுவது மாதிரிதான் இதுவும். மாத்திரை இலவசம்.

மனச்சோர்வு ஒரு நோய். என்ன நோய், என்ன மருந்து என்பதை உங்கள் சம்மதம் இல்லாமல் மருத்துவமனை வெளியில் சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

மூளையில செரட்டோனின் கொறஞ்சுபோச்சுன்னாங்க. ரத்த டெஸ்ட்ல அதைப் பாக்கலாமா?

பார்க்க முடியாது. மனச்சோர்வைக் கண்டுபிடிக்க ரத்தத்தில் செரட்டோனின் டெஸ்ட் எதுவும் இல்லை. யாராவது எடுக்கச் சொன்னால் காசு வீண். 'செரட்டோனின் குறைந்ததால்தான் சோர்வு' என்பதும் சுலபமாகச் சொல்வதற்காகச் சொல்வது, அப்படி நிரூபணம் ஆகவில்லை. மாத்திரை செய்வது இதுதான்: ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் செய்தி அனுப்ப வெளியே விடும் செரட்டோனினை மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கிறது. அந்த மாற்றத்துக்கு மூளை பழகிவரும் வாரங்களில்தான் மனம் இலேசாகிறது.

ஆனால் எடுக்க வேண்டிய டெஸ்ட்கள் வேறு உண்டு. தைராய்டு, ஹீமோகுளோபின், பி12. இவை குறைந்தாலும் அசதி, சோர்வு, எதிலும் நாட்டமின்மை எல்லாம் அச்சு அசல் மனச்சோர்வு மாதிரியே வரும்.

எத்தனை மில்லிகிராம் போடணும்? காலையிலயா, ராத்திரியா?

வழக்கமாக 5 அல்லது 10 மி.கி.யில் ஆரம்பிப்பார்கள். பேனிக் அட்டாக் உள்ளவர்களுக்கு 5 மி.கி.யில் ஆரம்பித்து ஒரு வாரம் கழித்துக் கூட்டுவது நல்லது. பெரியவர்களுக்கு அதிகபட்சம் ஒரு நாளைக்கு 20 மி.கி. 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் கல்லீரல் பழுதானவர்களுக்கும் 10 மி.கி.க்கு மேல் போவதில்லை.

ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். சாப்பாட்டுக்கு முன்னாலும் போடலாம், பின்னாலும் போடலாம். வயிற்றைப் புரட்டினால் சாப்பிட்டபின் போடுங்கள். போட்டதும் மந்தமாக இருந்தால் ராத்திரிக்கு மாற்றுங்கள், தூக்கம் கெட்டால் காலைக்கு மாற்றுங்கள். தினமும் ஒரே நேரம் என்பதுதான் முக்கியம். பாதி மாத்திரை என்றால் நடுவில் கோடு உள்ள மாத்திரையாக வாங்கி, மருந்துக்கடையில் கிடைக்கும் மாத்திரை வெட்டியால் வெட்டுங்கள். கத்தியில் வெட்டினால் ஒரு பக்கம் பெரிதாகவும் ஒரு பக்கம் பொடியாகவும் போகும்.

பத்து நாளா போடறேன், ஒண்ணுமே தெரியல. வேலை செய்யலையா?

பத்து நாள் போதாது. 2 முதல் 4 வாரத்தில் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும், முழுப் பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகலாம். பேனிக் அட்டாக்குக்கு மூன்று மாதம் வரைகூட ஆகும். மாற்றத்தைப் பலநேரம் வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் பார்க்கிறார்கள். குளிக்க மாட்டேன் என்று கிடந்தவர் தானாக எழுந்து குளிக்கிறார், சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சொல்கிறார். மனசில் பாரம் குறைந்தது என்று அவரே சொல்வதற்கு அதற்குப் பிறகும் நாளாகும்.

சரியான அளவில் ஒரு நாள்கூட விடாமல் 4 வாரம் போட்டும் துளி மாற்றமும் இல்லையென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் கூட்டுவார் அல்லது வேறு மாத்திரைக்கு மாற்றுவார். இலேசான மனச்சோர்வுக்கு மாத்திரை இல்லாமல் கவுன்சலிங்கே போதுமானதாக இருக்கும். நடுத்தரமும் தீவிரமும் என்றால் இரண்டும் சேர்ந்தால் பலன் கூடுதல்.

போட்ட ரெண்டாம் நாளே படபடப்பு ஜாஸ்தியாயிடுச்சு. நிறுத்திடவா?

முதல் ஒரு வாரம், பத்து நாள் இது சகஜம். பலன் தெரிய நாளாகும், பக்கவிளைவு மட்டும் முதல் நாளே வந்துவிடும். அதனால்தான் நிறையப் பேர் முதல் அட்டையிலேயே கைவிட்டுவிடுகிறார்கள். வாய்க்குமட்டல், தலைவலி, வாய் வறட்சி, பேதி, அதிக வியர்வை, ஓயாத கொட்டாவி, இலேசான கை நடுக்கம் எல்லாம் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கும். தாங்க முடியவில்லையென்றால் பாதி அளவில் ஆரம்பித்து ஏற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடம் உட்கார முடியாமல் காலை மாற்றி மாற்றி ஆட்டுவது, நின்றால் உட்காரத் தோன்றுவது, உட்கார்ந்தால் நடக்கத் தோன்றுவது, 'தோலை உரித்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம் போல' என்ற தவிப்பு. இது சாதாரணப் படபடப்பு இல்லை. இதில் இருப்பவருக்குத் தற்கொலை எண்ணம் சட்டென்று வரலாம். அடுத்த ரிவ்யூவுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

காலேஜ் படிக்கிற பொண்ணுக்கு எழுதியிருக்காங்க. சின்ன வயசுல போட்டா தற்கொலை எண்ணம் வரும்னு படிச்சேன். கொடுக்கலாமா?

நீங்கள் படித்தது உண்மையான எச்சரிக்கை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004இல் சிறுவர்களுக்கும், 2007இல் 24 வயது வரையிலான இளைஞர்களுக்கும் இந்த எச்சரிக்கையை மருந்தின் குறிப்பில் கட்டம் கட்டிப் போடச் சொன்னது. மாத்திரை ஆரம்பிக்கும்போதும் அளவு மாறும்போதும் இந்த வயதினரில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடுகிறது என்பதே காரணம். அதே நேரம், வைத்தியம் இல்லாத மனச்சோர்வும் தற்கொலையில் கொண்டுபோய் விடும். ஆகவே மாத்திரையைத் தூக்கிப்போடுவதைவிட, கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து கவனிப்பதுதான் வழி.

முதல் நாலு வாரம் வாரம் ஒரு முறை டாக்டரிடம் காட்டுங்கள். அட்டையை அம்மாவோ அப்பாவோ பூட்டி வைத்து, தினமும் ஒரு மாத்திரையைக் கையில் கொடுங்கள். திடீர் எரிச்சல், தூக்கமே இல்லாமை, மேலே சொன்ன உட்கார முடியாத தவிப்பு, பொருள்களை எடுத்துப் பிறருக்குக் கொடுப்பது, 'நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி' மாதிரிப் பேச்சு ஆகியவற்றைக் கண்டால் தனியே விடாதீர்கள். 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பேசத் துணை வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மாத்திரையை மொத்தமாக விழுங்கிவிட்டார் என்று சந்தேகம் வந்தாலே 108. 'தெளிவாத்தானே பேசுறா' என்று வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். இதயத்துடிப்புக் கோளாறு சில மணி நேரம் கழித்தும் வரும்.

போட்டுல போனா பத்து நாள் கடல்லதான். நடுவுல மறந்துட்டா என்ன பண்றது?

அன்றைக்கே ஞாபகம் வந்தால் உடனே போடுங்கள். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் போனது போகட்டும், அன்றைய மாத்திரையை மட்டும் போடுங்கள். சேர்த்து இரண்டு போடக் கூடாது. உடம்பில் இதன் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகும், எனவே ஒரு வேளை தவறினால் பெரிய கெடுதல் இல்லை. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து விட்டுப்போனால்தான் தலைசுற்றலும் எரிச்சலும் வரும். ஆடுகிற போட்டில் தலைசுற்றல் என்றால் ஆள் தவறி விழும் ஆபத்து.

துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போது போகிற நாளைவிட ஐந்து மாத்திரை கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட வேண்டாம், உப்புக்காற்றில் ஈரம் கோத்துவிடும். அட்டையோடு ஜிப் கவரில் போட்டு, ராத்திரிச் சோறு எடுக்கும் நேரத்தோடு பழக்கப்படுத்துங்கள். வாந்தி வராமல் இருக்கப் போடும் மாத்திரையைப் பற்றி அடுத்த கேள்விக்கு அடுத்ததில் இருக்கிறது.

டிரெய்லர் ஓட்டறேன். வண்டி ஓட்டலாமா?

முதல் ஒரு வாரமும் அளவு கூட்டிய பிறகு சில நாளும் உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள். அட்டையில் குளோனாசெபாம் இருந்தால் கதை வேறு. ராத்திரி போட்டதன் மந்தம் மறுநாள் காலையிலும் இருக்கும். மணலி ரோட்டில் 40 அடி கன்டெய்னரோடு அந்த மந்தத்தில் போகக் கூடாது. தொழிலை டாக்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், அதற்கேற்ப எழுதுவார்.

இதோட எந்த மாத்திரையெல்லாம் சேரக் கூடாது?

ஆபத்தில் பெரும்பங்கு இங்கேதான். மனசுக்கு ஒரு டாக்டர், முட்டிக்கு ஒரு டாக்டர், காய்ச்சலுக்குத் தெருமுனை கிளினிக், நடுவில் கடைக்காரர் கொடுத்தது என்று நாலு இடத்து மாத்திரையும் ஒரே வயிற்றுக்குள் போகிறது. யாருக்கும் மற்றவர் எழுதியது தெரியாது.

வலி மாத்திரையில் டிராமடால், டபென்டடால் இரண்டும் சேரவே கூடாது. செரட்டோனின் அளவு மீறி ஏறி, சில மணி நேரத்தில் வியர்வை, காய்ச்சல், நடுக்கம், கால் துள்ளல், பேதி, குழப்பம் வரும். உயிருக்கே ஆபத்து, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டபென்டடாலை இங்கே போதைக்காகவும் விற்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அவர் போலீசுக்குச் சொல்லப்போவதில்லை. இருமல் மருந்தில் 'டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன்' என்று இருந்தால் அதையும் தவிருங்கள். ஒற்றைத் தலைவலிக்கான சுமாட்ரிப்டான் போடுபவர்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன், ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் ஆகியவற்றோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடும், முக்கியமாக வயிற்றில். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் அது எச்சரிக்கை. காய்ச்சலுக்கும் மூட்டு வலிக்கும் பாராசிட்டமால் போதும். டெங்கு என்று சந்தேகம் வந்தால், இந்த மாத்திரை போடுவதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். தட்டணு (பிளேட்லெட்) குறைந்திருக்கும் நேரத்தில் அந்தத் தட்டணுவின் வேலையை இது இன்னும் மந்தப்படுத்தும்.

இதயத்தின் மின்துடிப்பை நீட்டும் மருந்துகள் இன்னொரு வகை. அசித்ரோமைசின், வாந்திக்கான ஆன்டன்செட்ரான், டோம்பெரிடோன், பூஞ்சைக்கான ஃபுளூகோனசோல் எல்லாம் இதில் வரும். ஏற்கெனவே இதய நோய் இருந்தாலோ 65 வயதைத் தாண்டினாலோ ஈ.சி.ஜி. எடுத்துவிட்டே சேர்க்க வேண்டும். கேஸ் மாத்திரையில் ஒமிப்ரசோல், எசோமிப்ரசோல் இரண்டும் எஸ்சிட்டலோபிராம் உடம்பில் சிதைவதைத் தாமதமாக்கி, ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். ஒமிப்ரசோலோடு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகும். தினமும் கேஸ் மாத்திரை வேண்டியவர்கள் பான்டபிரசோலுக்கு மாறலாமா என்று கேளுங்கள். அமுக்கரா போன்ற நாட்டு மருந்தையும் சொல்ல வேண்டும், குளோனாசெபாமோடு சேர்ந்தால் மந்தம் கூடும்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் மாத்திரை உட்பட எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டு, எந்த டாக்டரிடம் போனாலும் மேசைமேல் கொட்டுங்கள்.

டி.பி. மாத்திரையும் போடறேன். பரவாயில்லையா?

சாதாரண டி.பி. கூட்டு மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின் எஸ்சிட்டலோபிராமின் அளவைக் குறைக்கலாம். மனசு மறுபடி கனக்க ஆரம்பித்தால் அதுவும் காரணமாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி. என்றால் விஷயம் தீவிரம். அதற்குக் கொடுக்கும் லினசோலிட் இந்த மாத்திரையோடு சேர்ந்தால் மேலே டிராமடாலுக்குச் சொன்ன அதே செரட்டோனின் ஆபத்து வரும். பெடாகுலின், மாக்சிஃப்ளாக்சசின் இரண்டும் இதயத்துடிப்பைப் பாதிக்கும் வகை. ஓட்டேரி நெஞ்சக நோய் மருத்துவமனையிலோ வேறெங்கோ டி.பி. வைத்தியம் ஆரம்பிக்கும் முன்பே எஸ்சிட்டலோபிராம் அட்டையைக் காட்டிவிடுங்கள். டி.பி. மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம், இதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சனிக்கிழமை மட்டும் ஒரு குவார்ட்டர். அன்னிக்கு மாத்திரையை விட்டுட்டா போதுமா?

போதாது. மேலே சொன்ன மாதிரி மாத்திரை உடம்பில் ஒரு நாளுக்கு மேல் இருக்கும், எனவே சனிக்கிழமை விட்டாலும் சரக்கும் மாத்திரையும் உள்ளே சந்திக்கத்தான் செய்யும். விட்டதால் வாரத்துக்கு ஒரு வேளை குறைவதுதான் மிச்சம். சாராயமே மனச்சோர்வைக் கூட்டும் பொருள். மாத்திரை ஒரு பக்கம் இழுக்க, அது இன்னொரு பக்கம் இழுக்கும். கலப்பு மாத்திரையாக இருந்தால் குளோனாசெபாமும் மதுவும் சேர்ந்து மூச்சையே மந்தமாக்கும், தூக்கத்திலேயே உயிர் போகலாம். குடிக்காமல் இருப்பதே சரி.

தினமும் குடிப்பவர் மட்டும் ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டாம். வலிப்பு, குழப்பம் வரும். மனநலப் பிரிவிலேயே குடி நிறுத்த வைத்தியமும் கொடுக்கிறார்கள், இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அம்மாவுக்கு 70 வயசு. மாத்திரை ஆரம்பிச்ச மூணாவது வாரம் தள்ளாடுறாங்க, பேச்சு குழறுது. வயசாலயா?

வயது என்று விட்டுவிடாதீர்கள். ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம். வயதானவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, மாத்திரை ஆரம்பித்த முதல் சில வாரத்தில் இது நடக்கும். தலைவலி, குமட்டல், அசதியில் ஆரம்பித்துக் குழப்பம், தள்ளாட்டம், கீழே விழுவது, கடைசியில் வலிப்பு வரை போகும். இயல்பான அளவு 135 முதல் 145. பிரஷருக்குப் போடும் மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் கலந்திருந்தால் ஆபத்து இரட்டிப்பு. பெயரின் கடைசியில் 'எச்' என்ற எழுத்து இருந்தால் அட்டையின் பின்புறம் பாருங்கள்.

மாத்திரைக்கு முன் ஒரு தடவை, ஆரம்பித்து இரண்டு வாரத்தில் ஒரு தடவை சோடியம் பார்ப்பது நல்லது. இப்போது அம்மாவுக்கு இருக்கும் நிலையில் இன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். பேச்சுக் குழறல் பக்கவாதமாகவும் இருக்கலாம், அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கேக்கவே கூச்சமா இருக்கு. மாத்திரை போட்டதிலிருந்து தாம்பத்தியத்துல நாட்டமே இல்ல.

கூச்சப்பட ஒன்றுமில்லை. இந்த மாத்திரையின் மிகச் சாதாரணமான பக்கவிளைவுகளில் ஒன்று இது, ஆணுக்கும் பெண்ணுக்கும் வரும். ஆசை குறைவது, உச்சம் வராமல் போவது, ஆண்களுக்கு விந்து வெளிவரத் தாமதமாவது. குமட்டல் மாதிரி இது இரண்டு வாரத்தில் தானாக அடங்குவதில்லை. இதைச் சொல்ல வெட்கப்பட்டு மாத்திரையைச் சத்தமில்லாமல் நிறுத்தி, மூன்று மாதத்தில் நோய் திரும்ப வந்து நிற்பவர்கள் பலர். அளவைக் குறைக்கலாம், பியூப்ரோபியான், மிர்டசபின் போன்ற வேறு மருந்துக்கு மாற்றலாம். வழி இருக்கிறது, சொன்னால்தான் கிடைக்கும். மிகச் சிலருக்கு மாத்திரையை நிறுத்திய பிறகும் இந்தக் குறை நீடிப்பதாகப் பதிவாகியிருக்கிறது.

கடையில் கேட்டு 'வீரிய மாத்திரை' வாங்கிப் போடாதீர்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை போடுபவருக்கு அது உயிரைப் பறிக்கும்.

அழுகை நின்னுடுச்சு. ஆனா சிரிப்பும் வரல, கல்லு மாதிரி இருக்கேன்.

அளவு கொஞ்சம் அதிகமாக இருக்கலாம், அல்லது சோர்வு இன்னும் முழுதாகத் தீராமல் இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது டாக்டரின் வேலை. 'பரவாயில்ல டாக்டர்' என்று சொல்லிவிட்டு வராமல் இதே வார்த்தையில் சொல்லுங்கள்.

மாத்திரை ஆரம்பிச்சதிலிருந்து ராத்திரி ரெண்டு மணி நேரம்தான் தூங்குறாரு. வட்டிக்கு வாங்கி நாலு ஆட்டோ எடுக்கப்போறாராம். நல்லாயிட்டாரா?

இல்லை, இது நல்லதாகிவிட்ட அறிகுறி இல்லை. தூக்கம் இல்லாமலே களைப்பு இல்லை, நிற்காத பேச்சு, கட்டுக்கடங்காத செலவு, எதையும் சாதிப்பேன் என்ற வேகம் எல்லாம் சேர்ந்தால் மனம் எதிர்ப்பக்கத்துக்குச் சாய்ந்துவிட்டது என்று பொருள். சோர்வும் இந்த வேகமும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய் உள்ளவருக்கு இந்த மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் இப்படி ஆகும். ஓரிரு நாளில் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ஏ.டி.எம். கார்டும் வீட்டுப் பத்திரமும் உங்கள் கையில் இருக்கட்டும். புதிதாக மாத்திரை ஆரம்பிப்பவர்கள், குடும்பத்தில் யாருக்காவது இப்படி வந்ததுண்டா என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

நாள் தள்ளிப்போயிருக்கு. மாத்திரையை நிறுத்தணுமா?

பதறி நிறுத்தாதீர்கள். கர்ப்பத்தில் மனச்சோர்வு திரும்பினால் அதுவும் தாய்க்கும் பிள்ளைக்கும் கெடுதல். கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் அதிகம் தேர்ந்தெடுப்பது செர்ட்ராலின். ஆனால் எஸ்சிட்டலோபிராமில் நன்றாக இருப்பவரைக் கட்டாயம் மாற்ற வேண்டும் என்பதில்லை. கடைசி மூன்று மாதம் போட்டிருந்தால் குழந்தை பிறந்து சில நாள் நடுக்கம், அழுகை, பால் குடிப்பதில் சுணக்கம் காட்டலாம், பெரும்பாலும் தானே சரியாகும். பிறந்த குழந்தைக்கு நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறுவது அரிது, ஆனால் உண்டு. பிரசவத்தில் ரத்தப்போக்கும் சற்றுக் கூடலாம். எனவே ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையிலோ, எங்கே பார்க்கிறீர்களோ அங்கேயோ, கர்ப்பிணிச் செக்கப் அட்டையிலேயே மாத்திரையின் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

நல்லாயிட்டேன். எப்ப நிறுத்தலாம்? இல்ல, இதுக்கு அடிமையாயிடுவேனா?

குடி, கஞ்சா மாதிரி ஏங்க வைத்து அளவைக் கூட்டச் சொல்லும் அடிமைத்தனம் எஸ்சிட்டலோபிராமில் இல்லை. ஆனால் உடம்பு அதற்குப் பழகும், அதனால் திடீரென்று நிறுத்தினால் எதிர்வினை வரும். குளோனாசெபாம் வேறு, அதைப் பற்றி இரண்டாம் கேள்வியில் இருக்கிறது.

முதல் தடவை வந்த மனச்சோர்வு என்றால், முழுதாக நல்லான நாளிலிருந்து இன்னும் 6 முதல் 9 மாதம் தொடர வேண்டும். அதற்கு முன் நிறுத்தினால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். இரண்டு மூன்று தடவை வந்தவர்களுக்கு 2 வருடமோ அதற்கு மேலோ.

சொல்லாம நிறுத்திட்டேன். கண்ணைத் திருப்பினா தலைக்குள்ள கரன்ட் அடிக்குது.

நிறுத்தியதால் வருவதுதான். கடைசி மாத்திரைக்குப் பின் ஒன்று முதல் மூன்று நாளில் ஆரம்பிக்கும். கண்ணையோ தலையையோ பக்கவாட்டில் திருப்பும்போது சுரீர் என்று ஒரு மின்னல், கூடவே தலைசுற்றல், எரிச்சல், குமட்டல், பயங்கரக் கனவு. மூளைக்கு நிரந்தரப் பாதிப்பு எதுவும் இதனால் இல்லை. பழைய அளவை மீண்டும் ஆரம்பித்தால் பொதுவாக ஒன்றிரண்டு நாளில் அடங்கும், டாக்டரிடம் கேட்டு ஆரம்பியுங்கள். மனச்சோர்வே திரும்புவது வேறு மாதிரி. அதற்கு வாரக்கணக்கில் ஆகும், கரன்ட் அடிக்காது.

குறைக்கும்போது பலர் தடுக்கி விழும் இடம் கடைசிப் படி. 20லிருந்து 10க்கு வருவது சுலபமாக இருக்கும், 5லிருந்து பூஜ்யம் கடினமாக இருக்கும். குறைந்த அளவிலேயே மாத்திரை மூளையில் பெரும்பங்கு வேலையைச் செய்துவிடுவதுதான் காரணம். அதனால் 10, பிறகு 5, பிறகு 2.5 என்று ஒவ்வொரு படிக்கும் 2 முதல் 4 வாரம் கொடுத்து இறங்குவார்கள். நெடுநாள் போட்டவர்களுக்கு இன்னும் மெதுவாக. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக் குறைப்பது நல்ல வழி இல்லை, உடம்பில் அளவு ஏறி இறங்கித் தொந்தரவு கூடும்.

கம்பெனி மாறினா பரவாயில்லையா? மலிவான கடையில வாங்கலாமா?

வாங்கலாம். முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் போன்ற இடங்களில் மூலப்பெயரில் வாங்கினால் விலை நன்றாகக் குறையும். சீட்டில் உள்ள மருந்தும் மி.கி.யும் அப்படியே இருக்கிறதா, கலப்பு இல்லாததா என்று பார்த்து வாங்குங்கள். 'எஸ்' இல்லாமல் வெறும் சிட்டலோபிராம் என்று இருந்தால் அது வேறு மருந்து, அளவும் வேறு. சீட்டு இல்லாமல் கொடுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

மழைக்காலத்துல ஓ.பி.க்கே போக முடியல. மாத்திரை தீர்ந்துட்டா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. மாத்திரை தீர்ந்ததும் போவது என்றில்லாமல், ஒரு வாரம் மிச்சம் இருக்கும்போதே ஓ.பி.க்குப் போய்விடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை 7 முதல் 10 நாள் மாத்திரை கையிருப்பில் இருக்கட்டும், பிளாஸ்டிக் கவரில், சீட்டின் ஜெராக்ஸோடு, தரையிலிருந்து உயரத்தில். வீட்டில் தற்கொலை எண்ணம் உள்ளவர் இருந்தால் இந்தக் கையிருப்பு அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது, பூட்டிய பீரோவிலோ பக்கத்து வீட்டு நம்பிக்கையானவரிடமோ இருக்கட்டும். தீர்ந்தே போய்விட்டது என்றால் 14416க்குப் பேசி, இருக்கும் இடத்தில் எங்கே போவது என்று கேட்கலாம். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பழைய சீட்டையும் காலி அட்டையையும் காட்டுங்கள். காலி அட்டையைத் தூக்கிப்போடாமல் வைத்திருப்பது அதற்காகவே.